திறக்காத சிப்பி ஏலம்

தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்த நாட்களில் கரையிலே ஓர் ஏலம் நடக்கும்.

விடியுமுன்பே தோணிகள் பாய் விரித்துப் புறப்படும். முத்துக் குளிப்பவர்கள் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு கடலின் அடிக்குப் போவார்கள். சிப்பிகளை அள்ளிப் பையில் போட்டுக்கொண்டு மேலே வருவார்கள். தோணி கரைக்குத் திரும்பியதும் சிப்பிகளைப் பங்கு பிரிப்பார்கள். குளித்தவர்களுக்கு ஒரு பங்கு. சர்க்காருக்கு ஒரு பங்கு.

சர்க்கார் பங்கை ஆயிரம் ஆயிரமாக ஏலம் விடுவார்கள். இதில்தான் வேடிக்கை இருக்கிறது. சிப்பியைத் திறந்து பார்த்து ஏலம் கேட்க முடியாது. வாய் மூடிய சிப்பிக்குத்தான் விலை! பணத்தைக் கட்டிய பிறகுதான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். நல்ல முத்து இருந்தால் யோகம். வெறும் சதை இருந்தால் கைப்பணம் போச்சு.

அந்த முத்துக் குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றுபோயிற்று. அதே 1961ஆம் ஆண்டில்தான் வரதட்சணைத் தடைச் சட்டமும் வந்தது. முத்து ஏலம் நின்றது. கலியாண ஏலம் நின்றதா?

"பையனுக்கு என்ன சம்பளம்?"

"பெண்ணுக்கு எத்தனை பவுன் போடுவீர்கள்?"

"ரொக்கம் எவ்வளவு?"

எல்லாக் கேள்வியும் கேட்கிறோம். "இரண்டு பேருக்கும் மனம் ஒத்துப்போகுமா?" என்ற கேள்வியை மட்டும் கேட்பதில்லை. இதுவும் திறக்காத சிப்பி ஏலம்தான்!

இந்த ஏலத்தைப் பார்த்து 200 ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பெண் சிரித்தார். சிரித்துக்கொண்டே ஆறு நாவல்கள் எழுதினார். அவர் பெயர் ஜேன் ஆஸ்டின். ஊர் இங்கிலாந்து.

"இங்கிலாந்துக்காரிக்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்களா? சம்பந்தம் இருக்கிறது. அவருடைய சொந்த அத்தை நம் கடலூருக்குக் கப்பலேறி வந்து மணமகள் ஆனவள். அவருடைய சொந்தத் தம்பி, நமக்கு எதிர்க்கரையான இலங்கையில், திருகோணமலை மண்ணில் உறங்குகிறார்.

முதலில் அந்த அத்தையின் கதையைக் கேளுங்கள்.

கப்பலேறிய அத்தை

அத்தையின் பெயர் பிலடெல்பியா. 1730ஆம் ஆண்டு பிறந்தவள். சிறு வயதிலேயே தாயையும் தந்தையையும் இழந்தாள். சொத்து இல்லை. சீர் கொடுக்க ஆள் இல்லை. லண்டனில் தொப்பி தைக்கும் ஒரு கடையில் வேலை பழகினாள்.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் பணம் இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைப்பது குதிரைக் கொம்பு. ஆனால் இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனியில் வேலை பார்த்த வெள்ளைக்காரர்கள் பலர் இருந்தார்கள். அவர்களுக்குப் பெண் கிடைப்பது அரிதாக இருந்தது. ஆகையால் ஏழைப் பெண்கள் சிலர் கப்பலேறி இங்கே வந்தார்கள். வந்த இடத்தில் யார் கேட்கிறாரோ அவரை மணந்துகொள்வார்கள்.

பிலடெல்பியாவும் கம்பெனிக்கு மனுப் போட்டாள். கடலூர் செயின்ட் டேவிட் கோட்டையில் இருக்கும் நண்பர்களிடம் போக அனுமதி வேண்டும் என்று கேட்டாள். அனுமதி கிடைத்தது. 1752ஆம் ஆண்டு ஜனவரி மாதம் கப்பலேறினாள். ஆறு மாதத்துக்கு மேல் கடலிலேயே கழிந்தது. ஆகஸ்டு மாதம் சென்னையில் இறங்கினாள். அப்போது அவளுக்கு வயது 22.

மறு ஆண்டு, 1753 பிப்ரவரி 22ந் தேதி, கடலூரில் அவளுக்குத் திருமணம் நடந்தது. மாப்பிள்ளை கோட்டையில் வைத்தியராக இருந்த ஹான்காக் என்பவர்.

தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போகிறவர்கள் இன்றும் அந்தக் கோட்டையின் மிச்சத்தைப் பார்க்கலாம். அங்கேதான் அந்த அனாதைப் பெண் வாழ்க்கையைத் தொடங்கினாள்.

பணக் கஷ்டம் தீர்ந்தது. மனக் கஷ்டம்? 1759இல் கணவனும் மனைவியும் வங்காளத்துக்குப் போனார்கள். 1761இல் எலிசா என்ற மகள் பிறந்தாள். 1765இல் மூவரும் இங்கிலாந்து திரும்பினார்கள். கொண்டுபோன பணம் கரைந்தது. சம்பாதிப்பதற்காக ஹான்காக் மட்டும் 1768இல் மறுபடியும் கல்கத்தாவுக்கு வந்தார். மனைவியையும் மகளையும் அதன் பிறகு அவர் பார்க்கவே இல்லை. 1775 நவம்பரில் கல்கத்தாவில் இறந்துபோனார். அவர் தேடி வந்த செல்வம் அவருக்குக் கிட்டவில்லை.

அதற்கு அடுத்த மாதம், 1775 டிசம்பர் 16ந் தேதி, பிலடெல்பியாவின் தம்பி வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அதுதான் ஜேன்.

பாதிரியார் வீட்டுப் பெண்

ஜேனின் தந்தை ஜார்ஜ் ஆஸ்டின், ஸ்டீவன்டன் என்ற கிராமத்தில் பாதிரியார். எட்டுக் குழந்தைகள். ஆறு ஆண், இரண்டு பெண். ஜேன் ஏழாவது குழந்தை. அக்காள் பெயர் கசாண்ட்ரா. இருவரும் உயிருக்கு உயிர்.

வீட்டில் பணம் குறைவு, புத்தகம் நிறைய. ஜேன் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்ச காலம்தான். மற்றதெல்லாம் தந்தையின் அலமாரியில் இருந்த புத்தகங்களில் படித்தது. பன்னிரண்டு வயதுக்குள் கதை எழுத ஆரம்பித்துவிட்டார். எழுதியதை வீட்டாருக்குப் படித்துக் காட்டுவார். வீடே சிரிக்கும்.

அத்தை பிலடெல்பியாவும் அவள் மகள் எலிசாவும் அந்த வீட்டுக்கு வருவார்கள். இந்தியாவைப் பற்றிய பேச்சு வரும். சிறுமி ஜேன் எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டார்.

1792 பிப்ரவரியில் அத்தை இறந்தாள். அதே ஆண்டில், 16 வயது ஜேன் ஒரு கதை எழுதத் தொடங்கினார். அதிலே தாய் தந்தை இல்லாத ஓர் ஏழைப் பெண் வருகிறாள். உறவினர் அவளை மாப்பிள்ளை தேட வங்காளத்துக்குக் கப்பலேற்றி அனுப்புகிறார்கள். அங்கே அவளைவிட இரண்டு மடங்கு வயதுள்ள பணக்காரர் அவளை மணக்கிறார். ஊரார், "அதிர்ஷ்டக்காரி!" என்கிறார்கள். கதையின் நாயகியோ, "இதுவா அதிர்ஷ்டம்?" என்று சண்டைக்குப் போகிறாள்.

அந்தக் கதையை ஜேன் முடிக்கவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை ஆயுள் முழுவதும் விடவில்லை.

ஒரே இரவு

ஜேனுக்கு 25 வயதாகும்போது தந்தை வேலையிலிருந்து ஓய்வு பெற்றார். 1801இல் குடும்பம் பாத் என்ற நகரத்துக்குக் குடிபோயிற்று. பிறந்த வீடு போயிற்று. புத்தகங்கள் விற்கப்பட்டன. சீர் கொடுக்கப் பணம் இல்லை. வயதோ ஏறிக்கொண்டிருந்தது.

அக்காள் கசாண்ட்ராவுக்கு நிச்சயமாகியிருந்த மாப்பிள்ளை 1797லேயே மேற்கிந்தியத் தீவுகளில் காய்ச்சலில் இறந்துவிட்டார். அவள் பிறகு கலியாணமே வேண்டாம் என்று இருந்துவிட்டாள்.

1802ஆம் ஆண்டு டிசம்பர் 2ந் தேதி. அக்காளும் தங்கையும் மேனிடவுன் என்ற பெரிய பண்ணை வீட்டில், தங்கள் தோழிகளோடு தங்கியிருந்தார்கள். அன்று மாலை தோழிகளின் தம்பி ஹாரிஸ், ஜேனிடம் வந்து தன்னை மணந்துகொள்ளும்படி கேட்டார். அவர் 21 வயது வாலிபர். அந்தப் பண்ணை முழுவதற்கும் வாரிசு.

எண்ணிப் பாருங்கள். ஜேனுக்கு இன்னும் இரண்டு வாரத்தில் 27 வயது. கையில் காசு இல்லை. இந்த மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்டால் பெரிய வீடு கிடைக்கும். வயதான தாய் தந்தையைக் காப்பாற்றலாம். அக்காளுக்கும் ஓர் இடம் கிடைக்கும். தோழிகளே நாத்தனார்கள்!

ஜேன், "சரி" என்றார். வீட்டில் கொண்டாட்டம்.

இரவு வந்தது. அந்த இரவு ஜேன் என்ன நினைத்தார் என்பது யாருக்கும் தெரியாது. பொழுது விடிந்ததும் ஹாரிஸிடம் போனார். "மன்னிக்க வேண்டும். என்னால் முடியாது" என்று சொல்லிவிட்டார். உடனே வண்டி கட்டச் சொல்லி அக்காளுடன் புறப்பட்டுவிட்டார்.

அத்தை கடலூரில் எதைச் செய்தாளோ, அதை மருமகள் மேனிடவுனில் செய்ய மறுத்தார். பிறகு கடைசி வரை அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை.

கதை போல இங்கே சுபம் போட முடியாது. ஜேன் அதற்கு விலை கொடுத்தார். 1805இல் தந்தை இறந்தார். தாயும் இரண்டு பெண்களும் சகோதரர்கள் ஆளுக்குக் கொஞ்சமாகக் கொடுத்த பணத்தில் காலம் தள்ளினார்கள். நான்கு ஆண்டுகள் வீடு விட்டு வீடு மாறினார்கள். அந்தக் காலத்தில் ஜேனின் பேனா ஏறக்குறைய ஓய்ந்து கிடந்தது.

கிரீச்சிட்ட கதவு

1809இல் விடிவு வந்தது. பணக்கார உறவினருக்குச் சுவீகாரம் போயிருந்த அண்ணன் எட்வர்டு, சாட்டன் என்ற கிராமத்தில் ஒரு சிறு வீட்டைத் தாய்க்கும் தங்கைகளுக்கும் கொடுத்தார்.

அந்த வீட்டில் ஜன்னல் ஓரமாக ஒரு சின்ன மேஜை. ஒரு தாம்பாளத்தை விடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதில் உட்கார்ந்து சிறு சிறு காகிதங்களில் ஜேன் எழுதினார். அந்த அறைக் கதவைத் திறந்தால் 'கிரீச்' என்று சத்தம் போடும். எண்ணெய் போட வேண்டாம் என்று ஜேன் தடுத்துவிட்டாராம். ஏன்? யாராவது வந்தால் சத்தம் கேட்கும். உடனே காகிதங்களை மறைத்துவிடலாம்! அவருடைய அண்ணன் மகன் பின்னாளில் இதை எழுதி வைத்தார்.

1811ஆம் ஆண்டு முதல் நாவல் அச்சேறியது. பெயர் 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி'. 'அறிவும் உணர்ச்சியும்' என்று தமிழில் சொல்லலாம். ஆசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், 'ஒரு சீமாட்டி எழுதியது' என்று மட்டும் இருந்தது. முதல் பதிப்பு விற்றுத் தீர்ந்தது. ஜேனுக்கு 140 பவுன் லாபம் கிடைத்தது. பவுன் என்றால் நகைப் பவுன் அல்ல, இங்கிலாந்துப் பணம். அவர் சொந்தமாகச் சம்பாதித்த பணம்!

1813இல் 'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்', 1814இல் 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்', 1815 டிசம்பரில் 'எம்மா' என்று அடுத்தடுத்து நாவல்கள் வந்தன.

நமக்குத் தெரிந்த கதை

"இதையெல்லாம் நாங்கள் எங்கே படித்தோம்?" என்று நினைக்க வேண்டாம். ஜேன் ஆஸ்டின் கதையைத் தமிழ் மக்கள் தியேட்டரில் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' படம், அந்த முதல் நாவலைத் தழுவி எடுத்ததுதான். தபுவும் ஐஸ்வர்யா ராயும் அக்காள் தங்கையாக நடித்தார்கள். மம்முட்டி இலங்கைப் போரில் காலை இழந்த மேஜராக வந்தார். நாவலிலும் அந்தப் பாத்திரம் ராணுவக்காரர்தான். அவரும் கிழக்கே இந்தியப் பக்கம் வேலை பார்த்துத் திரும்பியவர்!

நாவலில் ஒரு காட்சி. தந்தை சாகிறார். சொத்தெல்லாம் மூத்த தாரத்து மகனுக்குப் போகிறது. இளைய தாரமும் மூன்று பெண்களும் தெருவில் நிற்கிறார்கள். "அவர்களைக் கவனித்துக்கொள்" என்று தந்தை மகனிடம் சொல்லிவிட்டுப் போகிறார். மகனும், "தங்கைகளுக்கு 3,000 பவுன் கொடுப்பேன்" என்று மனத்துக்குள் முடிவு செய்கிறான்.

வந்தாள் அவன் மனைவி! "நம் பிள்ளை வாயில் மண்ணா?" என்று ஆரம்பிக்கிறாள். 3,000 பாதியாகிறது. பாதி போய், வருஷத்துக்கு நூறு என்றாகிறது. அதுவும் போய், எப்போதாவது ஐம்பது என்றாகிறது. கடைசியில், "வீடு மாற்றும்போது சாமான் தூக்க ஒத்தாசை செய்யலாம், பருவத்தில் கொஞ்சம் மீன் கொடுத்தனுப்பலாம்" என்று முடிகிறது. 3,000 பவுன் மீனாகிப் போயிற்று!

இதில் அடிதடி இல்லை. அழுகை இல்லை. கணவனும் மனைவியும் நாற்காலியில் உட்கார்ந்து மரியாதையாகப் பேசுகிறார்கள். ஆனாலும் நான்கு பெண்களின் வாழ்வு அங்கே பறிபோகிறது. ஜேன் ஆஸ்டினின் திறமை இதுதான். கொடுமையைக் கூச்சல் போட்டுச் சொல்லமாட்டார். பேச விட்டுக் காட்டுவார்.

இந்தக் கதை நம் ஊரிலும் நடந்த கதைதானே? தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டு வந்த திருத்தச் சட்டத்துக்குப் பிறகுதான், இந்துக் கூட்டுக் குடும்பத்தின் பூர்வீகச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு கிடைத்தது. 2005இல் அது இந்தியா முழுவதற்கும் சட்டமாயிற்று.

ஐந்து பெண்களைப் பெற்றவள்

'பிரைட் அண்ட் பிரஜுடிஸ்' நாவலைப் 'பெருமிதமும் தப்பெண்ணமும்' என்று சொல்லலாம். இதில் ஒரு தாய்க்கு ஐந்து பெண்கள். ஆண் பிள்ளை இல்லை. ஆகையால் தந்தை இறந்தால் வீடும் நிலமும் தூரத்து உறவினனான காலின்ஸ் என்பவனுக்குப் போய்விடும். தாய்க்கு இரவும் பகலும் ஒரே கவலை. "யாராவது ஒரு மாப்பிள்ளை வரமாட்டானா?"

காலின்ஸே பெண் கேட்டு வருகிறான். அவன் முட்டாள். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான். இரண்டாவது பெண் எலிசபெத், "வேண்டாம்" என்கிறாள். தாய் குதிக்கிறாள். "இவனைக் கட்டாவிட்டால் உன் முகத்தில் விழிக்கமாட்டேன்" என்கிறாள். தந்தையோ, "கட்டினால் நான் விழிக்கமாட்டேன்" என்கிறார்!

காலின்ஸ் உடனே எலிசபெத்தின் தோழி சார்லட்டிடம் போகிறான். அவள் ஒப்புக்கொள்கிறாள். அவளுக்கு அன்பு இல்லை, ஆசை இல்லை. இருக்க ஒரு வீடு வேண்டும், அவ்வளவுதான். சார்லட்டின் வயது என்ன தெரியுமா? 27. மேனிடவுனில் ஜேன் நின்றாரே, ஏறக்குறைய அதே வயது!

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். சார்லட்டை ஜேன் ஆஸ்டின் திட்டவில்லை. கெட்டவளாகவும் காட்டவில்லை. "இவளுக்கு வேறு வழி என்ன இருந்தது?" என்று நம்மைக் கேட்க வைக்கிறார். அத்தை பிலடெல்பியாவின் கதை தெரிந்தவர் அல்லவா! குற்றம் பெண்ணிடம் இல்லை. பெண்ணுக்கு வேறு வழி வைக்காத ஊரிடம் இருக்கிறது.

மாலுமிகளின் சகோதரி

தூத்துக்குடி வாசகர்களுக்கு மிகவும் பிடிக்கும் நாவல் ஒன்று உண்டென்றால் அது 'பெர்சுவேஷன்'. அது கப்பற்காரர்களின் கதை.

ஜேனின் அண்ணன் பிரான்சிசும் தம்பி சார்லசும் சிறு வயதிலேயே கடற்படையில் சேர்ந்தவர்கள். அது நெப்போலியனோடு போர் நடந்த காலம். தோணியில் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் போனவனின் செய்தி வராதா என்று தூத்துக்குடி வீடுகளில் காத்திருந்தார்கள் அல்லவா? அப்படித்தான் அந்த வீட்டிலும் காத்திருந்தார்கள். எந்தக் கப்பல் எந்தத் துறையில் நிற்கிறது என்று ஜேன் பத்திரிகையில் தேடித் தேடிப் பார்ப்பார்.

1801ஆம் ஆண்டு சார்லசின் கப்பல் எதிரிக் கப்பல் ஒன்றைப் பிடித்தது. அவருக்கும் பரிசுப் பணம் கிடைத்தது. 21 வயது வாலிபர் அதை என்ன செய்தார் தெரியுமா? இரண்டு தங்கச் சங்கிலிகளும், புஷ்பராகக் கல்லில் செய்த இரண்டு சிலுவைகளும் வாங்கினார். ஒன்று கசாண்ட்ராவுக்கு, ஒன்று ஜேனுக்கு. "வீண் செலவு செய்கிறான்" என்று ஜேன் செல்லமாகக் கோபித்துக்கொண்டார். பிற்பாடு 'மேன்ஸ்ஃபீல்டு பார்க்' நாவலில், கப்பலில் போன அண்ணன் தங்கைக்குச் சிலுவை வாங்கி வருவதாக எழுதினார்.

'பெர்சுவேஷன்' நாவலின் நாயகி ஆன். 19 வயதில் ஓர் ஏழை மாலுமியை விரும்பினாள். "காசில்லாதவன், வேண்டாம்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். அவள் மனத்தை அடக்கிக்கொண்டு மறுத்தாள். எட்டு ஆண்டுகள் கழித்து அவன் கப்பல் தலைவனாக, 25,000 பவுனோடு வருகிறான். ஆன் வாடிப்போயிருக்கிறாள். அவளுக்கும் வயது 27! அவன் மனத்தில் இன்னும் கோபம் இருக்கிறது. பிறகு இருவரும் எப்படிச் சேர்ந்தார்கள் என்பதுதான் கதை.

அதில் கிராஃப்ட் என்ற கடற்படைத் தலைவரின் மனைவி வருகிறாள். கணவன் போகும் கப்பலிலெல்லாம் கூடவே போனவள். இந்தியப் பக்கமும் வந்து திரும்பியவள். "கணவனோடு இருந்தால் கப்பலைப் போலச் சுகமான இடம் வேறு இல்லை" என்பது அவள் கட்சி. அத்தை மாப்பிள்ளையைத் தேடிக் கடல் தாண்டினாள். இவள் மனதுக்குப் பிடித்தவனோடு கடல் தாண்டினாள். கடல் ஒன்றுதான், பயணம் வேறு.

பத்துப் பவுன்

'பெர்சுவேஷன்' அச்சாகி வந்ததை ஜேன் பார்க்கவில்லை. 1816இல் உடல் நலம் கெட்டது. வைத்தியத்துக்காக வின்செஸ்டர் நகருக்குக் கொண்டுபோனார்கள். 1817 ஜூலை 18ந் தேதி, அக்காள் கசாண்ட்ராவின் கையில் சாய்ந்தபடியே உயிர் பிரிந்தது. வயது 41.

அந்தக் காலத்து வழக்கப்படி பெண்கள் இடுகாட்டுக்குப் போகவில்லை. தங்கையின் உடல் தெருமுனை திரும்பும் வரை கசாண்ட்ரா ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். வின்செஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள். கல்லறைக் கல்லில் நல்ல குணம், பக்தி எல்லாம் எழுதினார்கள். நாவல் எழுதியவர் என்று எழுதவில்லை! அந்த ஆண்டு டிசம்பரில் கடைசி இரண்டு நாவல்களும் ஒன்றாக வந்தன. 'பெர்சுவேஷன்' ஒன்று. மற்றொன்று 'நார்த்தாங்கர் அபி'. அப்போதுதான் அண்ணன் ஹென்றி, இவற்றை எழுதியவர் ஜேன் ஆஸ்டின் என்று உலகத்துக்குச் சொன்னார்.

அந்த 'நார்த்தாங்கர் அபி'க்கு ஒரு கதை உண்டு. 1803லேயே ஜேன் அதை ஒரு பதிப்பாளருக்கு 10 பவுனுக்கு விற்றார். அவர் அச்சிடாமல் போட்டு வைத்தார். 13 ஆண்டுகள் கழித்து, 1816இல், அதே 10 பவுனைக் கொடுத்துத் திரும்ப வாங்கினார்கள். எழுதியவர் யார் என்று தெரிந்திருந்தால் பதிப்பாளர் கொடுத்திருப்பாரா!

ஜேன் ஆஸ்டின் தம் வாழ்நாள் முழுவதும் எழுதிச் சம்பாதித்தது அறுநூறு பவுனுக்குச் சற்று அதிகம். அவ்வளவுதான். 2017ஆம் ஆண்டு, அவர் இறந்து 200 ஆண்டு நிறைந்தபோது, இங்கிலாந்து வங்கி அவர் படத்தைப் போட்டு ஒரு நோட்டு வெளியிட்டது. எத்தனை பவுன் நோட்டு தெரியுமா? பத்துப் பவுன்!

திருகோணமலைக் கல்லறை

சிலுவை வாங்கிக் கொடுத்த தம்பி சார்லஸ் என்ன ஆனார்? அக்காளின் அடக்கத்துக்கு அவரால் வர முடியவில்லை. கடற்படையில் படிப்படியாக உயர்ந்தார். 1850இல் கிழக்குக் கடல்களின் கப்பற்படைக்கே தலைவரானார். 1852இல் பர்மாப் போர் வந்தது. ஐராவதி ஆற்றில் கப்பலில் இருந்தபோது காலரா கண்டு அக்டோபர் 7ந் தேதி இறந்தார். வயது 73. அவரைத் திருகோணமலையில் அடக்கம் செய்தார்கள்.

கடலூரில் ஒரு திருமணம். திருகோணமலையில் ஒரு கல்லறை. இரண்டுக்கும் இடையில் ஒரு நூற்றாண்டு. அந்த நூற்றாண்டில், கடல் தாண்டாத ஒரு பெண் சின்ன மேஜையில் உட்கார்ந்து ஆறு நாவல்கள் எழுதி முடித்துவிட்டார்.

தம் எழுத்தைப் பற்றி அவர் பெருமை பேசியதில்லை. இரண்டு அங்குல யானைத் தந்தத்தில் மெல்லிய தூரிகையால் தீட்டுகிற சிறு வேலை என்று ஒரு கடிதத்தில் தம்மையே கேலி செய்துகொண்டார். போரை எழுதவில்லை. ராஜாக்களை எழுதவில்லை. மூன்று நான்கு குடும்பங்கள், அவர்கள் வீட்டுக் கலியாணப் பேச்சு, இவ்வளவுதான் அவர் எழுதியது. முத்தும் சிறியதுதான். அதற்காக யாராவது அதைத் தூக்கி எறிகிறோமா?

உங்கள் வீட்டில் பெண் இருக்கலாம், பிள்ளை இருக்கலாம். நாளைக்குத் தரகர் வருவார். பவுன் கணக்கு, ரொக்கக் கணக்கு எல்லாம் வரும். அப்போது மேனிடவுனில் கழிந்த அந்த ஓர் இரவை நினைத்துக்கொள்ளுங்கள். "சரி" என்று சொன்ன பெண்ணுக்கும் யோசிக்க ஓர் இரவு கொடுங்கள். விடிந்ததும், "உனக்குச் சம்மதமா அம்மா?" என்று கேளுங்கள். "இல்லை" என்று அவள் சொன்னால் சோறு போட்டு, படிக்க வைத்து, சொந்தக் காலில் நிற்க ஒரு வழி காட்டுங்கள்.

முத்துச் சலாபத்துச் சிப்பியைத் திறந்து பார்த்து ஏலம் கேட்க முடியாது. மனிதர் மனத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கேட்பதற்குக் காசு செலவில்லை.